நான் நீக்கிய ஆய்வு

இத்தாலியின் பலெர்மோவில் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் பேராசிரியை என்னை முறைசார் மீளாய்வு ஒன்றைச் செய்யச் சொன்னார். ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் தேடி, முன்கூட்டியே எழுதிய விதிகளின்படி சலித்து, மிஞ்சியவற்றின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் வேலை. கேள்வியை நானே தேர்ந்தேன்: நோயாளியைத் தூக்கும் இயந்திரம் இருந்தால் பராமரிப்பவரின் முதுகுவலி குறைகிறதா? அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வீட்டில், தான் பராமரித்த நடமாட முடியாத முதிய சிக்னோராவைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி இடுப்பொடிந்து போயிருந்தார்.

விதிகளையும் நானே எழுதினேன். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வைச் சேர்ப்பதில்லை. இருவர் தனித்தனியே வாசித்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதால் என்னுடன் ஒரு வகுப்புத் தோழியும் வாசித்தாள். வாரக்கணக்கில் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துத் தள்ளிய பிறகு, வீடுகளில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களைப் பற்றி ஒரே ஒரு கட்டுரை அகப்பட்டது. அம்மாவைப் பார்த்து எழுதியது போலிருந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. தோழி சேர்ப்போம் என்றாள். நான் மறுத்தேன். பேராசிரியை என் பக்கம் நின்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மிஞ்சியவை எல்லாம் மருத்துவமனை ஆய்வுகள். வீடுகளைப் பற்றி, 'போதிய சான்று இல்லை' என்று எழுதி முடித்தேன்.

அந்த மாதமே அம்மா, "நீ வந்து கதை பிள்ளை. மெஷின் ஒண்டு வாங்கித் தரச் சொல்லு," என்றார். ரயிலில் போனோம். சிக்னோராவின் மகள் மருத்துவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் அதனால் பயன் உண்டு என்று ஆய்வு இருக்கிறதா? நீ அதைத்தானே படிக்கிறாய்?" என்றார்.

சான்று இல்லை என்பது வேறு, பயன் இல்லை என்பது வேறு என்றாவது விளக்கியிருக்கலாம். "போதிய சான்று இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டார்.

திரும்பும்போது அம்மா கேட்டார். "நீ என்ன சொன்னனீ? அந்த இத்தாலியன் பாசை எனக்கு விளங்கேல்லை."

"ஆராய்ச்சி காணாதெண்டு சொன்னனான் அம்மா."

"என்ரை இடுப்புக் காணாதோ?"

குளிர்காலம் வருமுன் அம்மாவால் நிமிர முடியாமல் போயிற்று. அவருடைய இடத்துக்கு வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். இயந்திரம் வாங்கவில்லை.

கட்டுரை என் பெயரை முதலில் போட்டு வெளிவந்தது. பூசைக்கு வருகிற ஆட்களுக்குக் காட்ட வேண்டும், அச்செடுத்துத் தா என்று அம்மா கேட்டார். பிரிண்டர் பழுது என்றேன்.