கையுறை யாருக்காக

ஆத்தூர் பக்கம் பாண்டியம்மாள் என்பவரின் மல்லிகைத் தோட்டத்தில் நிற்கிறேன். கிணறு வெட்டிய இடத்தில் முந்தாநாள் மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் பிளேக்கில் செத்தவர்களை மொத்தமாகப் புதைத்த இடம் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையா என்பதைப் பல்லுக்குள் தங்கியிருக்கும் கிருமியின் மரபணு காட்டிக்கொடுக்கக்கூடும். அதைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

முகமூடியும் கையுறையும் அணிந்து குழிக்குள் இறங்கி, ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துக் குப்பியில் அடைக்கிறேன். மேலே ஏறி வந்தால், பூப்பறிக்க வந்த பெண்கள் வெறுங்கூடையோடு வரப்பிலேயே நிற்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

"படிச்ச நீயே மூஞ்சிய மூடிக்கிட்டு எறங்குற. அவளுக எப்படிம்மா வருவாளுக?" என்கிறார் பாண்டியம்மாள். "இன்னும் செத்த நேரம் போனா அம்புட்டு மொட்டும் விரிஞ்சுரும். எவன் வாங்குவான்?"

"கிருமியெல்லாம் எப்பவோ செத்துருச்சுக்கா. என் எச்சிலோ வேர்வையோ பல்லுல பட்டா சோதனை கெட்டுப்போகும். அதுக்குத்தான் இதெல்லாம் போட்டேன்."

"அத அவளுக நம்பணுமே."

முகமூடியையும் கையுறையையும் கழற்றிவிட்டு, அவர் சொம்பில் தந்த தண்ணீரை எல்லோரும் பார்க்கக் குடிக்கிறேன். யாரும் அசையவில்லை. பாண்டியம்மாள் செடிகளுக்குள் நுழைகிறார். நானும் பின்னாலேயே போய், பழக்கமில்லாத கையால் மொட்டுகளைக் கிள்ளத் தொடங்குகிறேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி மட்டும் வரப்பை விட்டு இறங்கி வருகிறாள். மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.