பச்சை நூல் வந்த வாரம்

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிற பெண்ணுக்கு இரண்டு கை போதாது. ஒரு கையில் வெடி, மறு கையில் திரி. நூலின் நுனியைப் பல்லில்தான் கடித்துக்கொள்வோம். சிவப்புச் சாயம் போட்ட நூல். நாள் முழுக்க எச்சிலில் ஊறுவதால் துப்பினால் சிவப்பாகத்தான் விழும். வெற்றிலைச் செலவில்லாமல் வாய் சிவக்கிற உத்தியோகம் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம். அறுபதுகளின் நடுப்பகுதி அது, எனக்கு இருபது வயது. என் ஈறு எத்தனை மாதமாகக் கசிந்துகொண்டிருந்ததோ, எனக்கே தெரியாது. சாயத்தோடு சாயமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சீசனில் சிவப்பு நூல் தீர்ந்துபோய், திருத்தங்கலிலிருந்து பச்சை நூல் வந்து இறங்கியது. மத்தியானம் கஞ்சி குடிக்கும் முன் எல்லோரும் வேலியோரம் வாய் கொப்பளித்தோம். மற்றவர்கள் துப்பியது பச்சை. நான் துப்பியது சிவப்பு. ஆறு வருடமாகத் தோள் உரசப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் போர்மேன் வந்துவிட்டார்.

"தாயி, நாளையிலருந்து நீ வர வேணாம். டி.பி. வந்த ஆள வச்சிருந்தா மத்த பிள்ளைக எப்படி வேலைக்கு வரும்?"

"எனக்கு இருமலே இல்லயே அண்ணாச்சி!"

"ரத்தம் துப்புறேல்ல, அது போதும்."

அப்பா இறந்துபோயிருந்தார். அம்மாவும் நானும் சாப்பிட்டது இந்த வேலையில்தான். பயந்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே டி.பி.யாக இருந்தால் என்ன செய்வது என்று அழுதேன். அழுது முடித்தபோது ஆத்திரம்தான் மிஞ்சியது. நூல் மாறியதால் தெரிந்த நோய்க்கு அவர் யார் பெயர் வைக்க? விடிந்ததும் விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை. பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் வாயைத் துடைத்துவிட்டு, மெல்லிய வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகி எடுத்தார். தாள் நனைந்திருந்தது, நுனியில் ரத்தம்.

"ஈறு நல்லா இருந்தா இந்தச் சந்துல ஈரம் லேசாத்தான் இருக்கும். சீக்கு வந்தா நீர் ஊறும். வலி வர்றதுக்கு முன்னாடியே அது காட்டிக் கொடுத்துரும்மா," என்றார். உனக்கு வலி வந்திருக்க வேண்டுமே என்றும் கேட்டார். வந்திருந்தது. பல்வலிக்கெல்லாம் யார் லீவு கொடுத்தார்கள்? நாள் முழுக்க நூலைக் கடித்து இழுப்பதுதான் ஈறை அறுக்கிறது என்று சொல்லி, ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார். நெஞ்சில் ஒன்றுமில்லை, ரத்தம் ஈறிலிருந்துதான் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அந்தத் தாளிலும் ஐந்து துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீக்கம் வடிந்ததும் கம்பெனிக்குப் போனேன். போர்மேன் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். "சீட்டு யாரு வேணாலும் வாங்கிட்டு வரலாம், தாயி."

"அப்ப நீங்களே கண்ணால பாருங்க."

வேப்பமரத்தடியில் எங்கள் வரிசையைக் கூப்பிட்டேன். தள்ளிப் போன அக்காதான் முதலில் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் வாயைக் கொப்பளித்துத் திறந்தாள். தாளைச் செருகினேன். நனைந்து, நுனி சிவந்தது. அடுத்தவளுக்குக் கிட்டத்தட்ட காய்ந்தே வந்தது. அதற்கடுத்த இருவருக்கும் ரத்தம்.

"இவுகளையும் வீட்டுக்கு அனுப்பிருங்க அண்ணாச்சி. தீபாவளி ஆர்டர நீங்களே உக்காந்து பின்னுங்க."

அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார். என் கையில் ஒரு துண்டுத் தாள் மீதியிருந்தது. "இது உங்களுக்கு. திறங்க வாய."

"எனக்கு எதுக்கு?" என்று திரும்பி, வேப்ப மரத்தின் அடிமூட்டில் வெற்றிலைச் சாறைத் துப்பினார். செக்கச் செவேலென்று விழுந்தது.

"தினமும் இந்த மூட்டுலதான் செகப்பாத் துப்புறீக. உங்கள யாரு வீட்டுக்கு அனுப்புனா?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "போய் உக்காரு," என்றார்.

போய் உட்கார்ந்தேன், என் பழைய இடத்திலேயே. ஆனால் நூலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நுனியைக் காலின் பெருவிரலில் சுற்றி இழுத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தேன். அக்கா பார்த்தாள். வாயிலிருந்த நூலை எடுத்துத் தன் கால்விரலில் சுற்றிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் எங்கள் வரிசையில் ஒருத்தி வாயிலும் நூல் இல்லை. முடிந்த சரங்களைப் பார்த்த போர்மேனுக்கு முகம் கடுத்தது.

"கால்ல கட்டுனா மெதுவால்ல வருது?"

"மெதுவாத்தான் வரும் அண்ணாச்சி," என்று வாயைத் திறந்து, பல் போன இரண்டு குழிகளையும் காட்டினேன். "இது திரும்ப வராது."