காலைக் கூட்டத்தில் ஒரு கேள்வி

பத்து காவான் என்ற ஊரின் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளரான சாந்தினி காலைக் கூட்டத்தில் எப்போதும் கடைசி நாற்காலியில்தான் உட்காருவாள். வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று பயந்தே பதவி உயர்வைக்கூட வேண்டாம் என்றிருந்தாள். ஜார்ஜ்டவுனில் அவள் பார்க்கும் மனநல ஆலோசகர் அர்ச்சனா, "சிரிக்கிறாங்களான்னு சோதிச்சுப் பாத்திடுங்க. ஒரு கேள்வி கேட்டுட்டு அவங்க முகத்தைப் பாருங்க, தரையைப் பாக்காதீங்க" என்றார்.

மறுநாள் கேட்டாள். "புது மெஷின்ல மட்டும் ஏன் ரிஜெக்ட் அதிகமா வருது?" நிமிர்ந்து பார்த்தாள். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். மேலாளர் ராமதாஸ் மட்டும், "தெரியல லா, செக் பண்ணிச் சொல்றேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் கூட்டம் முடியும்வரை மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. வெளியே வந்ததும் அர்ச்சனாவுக்குச் செய்தி அனுப்பினாள்: "கேட்டுட்டேன் மேடம். நாளைக்கும் கேக்கணுமா?"