மீன் விற்கிறவர்களுக்கு மீன் பாடம்

தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த அலுவலகத்தில் நான் மூன்று வருடம் ஆன்லைன் பாடங்கள் எழுதினேன். அதற்கு முன் புதுக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி நாலைந்து புத்தகம் வாசித்திருந்தேன். அதனால்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

வயதுவந்தவர்கள் ஏன், எதற்கு என்று தெரியாமல் ஒன்றைப் படிக்கமாட்டார்கள். ஏற்கெனவே அறிந்ததோடு ஒட்டினால்தான் புதியது மனதில் நிற்கும். நாளைக்கே கைகொடுக்கும் விஷயம் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பி, ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலையைப் பிடித்தார். கடற்கரை ஊர்களில் மீன் விற்கும் பெண்களுக்கு டேப்லெட்டில் சுகாதாரப் பாடம். என் இரண்டு பக்கத்துக்கு அதற்கு மேல் ஒரு வேலையும் இருக்கவில்லை.

பாடத்துக்கு அவர் எடுத்துத் தந்தது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்துவைத்திருந்த பழைய அச்சு. தொப்பி போட்ட ஒரு கார்ட்டூன் மீன். சரியாகச் சொன்னால் கைதட்டி, "சபாஷ் குட்டி!" என்று கத்தும். தவறாகச் சொன்னால் கண்ணீர் விட்டு அழும்.

"சார், இவங்க எல்லாம் அம்பது வயசுக்காரங்க," என்றேன்.

"படிப்பில்லாதவங்களுக்கு இதுதான் பிடிக்கும் டீச்சர்," என்றார்.

அந்த மீனின் வாயில் பன்னிரண்டு பாடங்களை எழுதிப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

சோதித்துப் பார்க்க மண்டைக்காட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் சர்ச் ஹாலுக்குப் போனோம். வியாபாரம் முடித்து வந்திருந்த பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முப்பது வருடமாகத் தலைச்சுமையாக மீன் விற்பவர். நான் டேப்லெட்டைக் கொடுத்தேன். திரையில் இரண்டு மீன்கள். ஒன்றுக்குக் கண் தெளிவு, இன்னொன்றுக்கு மங்கல். எது நல்ல மீன்? அக்கா மங்கல் கண்ணைத் தொட்டார். கார்ட்டூன் மீன் அழுதது.

"ஏட்டி, ஒன்னப் பாத்து அழுவுது!" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "கண்ணு மங்கினா கெட்டதுன்னு ஆரு சொன்னா? ஐஸுல கெடந்தா நல்ல மீனுக்கும் கண்ணு வெளுக்கும். செவுளப் பொக்கிப் பாக்கணும்," என்று விரலால் தூக்கிக் காட்டினார். "வயித்த அமுக்கிப் பாக்கணும். இதுல எங்க பொக்க, எங்க அமுக்க?"

மறுபடியும் அதையே தொட்டார். மறுபடியும் அழுகை. மூன்றாவது தடவை டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டார்.

"மீனப் பத்தி எனக்குத் தெரியும் மக்களே. சந்தைக்கு ஆபீசர் வந்து, கெட்ட மீனுன்னு சொல்லி பினாயில ஊத்துகாரே, அப்பம் நான் என்ன பேசணும்? அதுக்குப் பாடம் இருக்கா?"

இல்லை என்றேன்.

அக்கா கேட்ட அந்தப் பாடத்தை எழுதி முதலாளியிடம் கொண்டுபோனேன். "இது ஆர்டர்ல இல்ல," என்று முதலாளி காகிதத்தைத் திருப்பித் தந்தார். பெண்கள் இரண்டாவது பாடத்தோடு நிறுத்திவிட்டார்கள். நிறுவனத்துக்கோ எல்லாரும் பன்னிரண்டையும் முடித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். முதலாளி பெண்களின் லாகின் எண்களை அலுவலகத்தில் இருந்த எங்கள் ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் உட்கார்ந்து அவர்கள் பெயரில் பதில்களை அமுக்கினோம். ஆறு கணினியிலிருந்தும் ஓயாமல் கைதட்டல், "சபாஷ் குட்டி! சபாஷ் குட்டி!" என் பட்டியலில் அந்த அக்காவின் எண்ணும் வந்தது. அவர் மூன்று தடவை மறுத்த பதிலை அவர் பெயரில் நான் தொட்டேன். மீன் எனக்குக் கைதட்டியது. நான் எழுந்து போகவில்லை. மதியம் சோறும் தின்றேன். பெண்கள் ஆர்வத்தோடு கற்று முடித்தார்கள் என்று அறிக்கையில் எழுதியதும் நான்தான். முதலாளியின் முகத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணாடியில் என் முகம் அதைவிட அருவருப்பாக இருந்தது.

சான்றிதழ் விழாவில் அக்கா மேடையேறி வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நான் ரெண்டு பாடந்தானே பாத்தேன். எப்பிடி பாஸானேன்?"

"நாங்களே அமுக்கிப் போட்டோம் அக்கா."

"நீயுமா?"

"நானுந்தான்."

அவர் சத்தம் போடவில்லை. "நேத்தைக்க மீன இன்னைக்க மீனுன்னு நான் சொல்லி வித்தா, ஊருக்காரு சும்ம விடுவாவளா?" என்று கேட்டார். சான்றிதழை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் நாலு மாதம் அதே வேலையில் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. வேலையை விட்ட பிறகு ஒருநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னார்: "பாடமுன்னு கொண்டு வராத. நாங்க சொல்லதக் கேக்கதுக்குன்னா இரி."

இருந்தேன். ஐந்தாறு பெண்கள் வந்து, சந்தையில் நடந்ததையெல்லாம் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளைத் தக்கலையில் ஒரு வக்கீலிடம் கொண்டுபோய், பதிலை அவர் குரலிலேயே பதிந்து, மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தேன். பெண்கள் ஒரு நிமிடம் கேட்பார்கள், நிறுத்துவார்கள், அரை மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். "இந்த வக்கீலு சந்தைக்கு வந்ததே இல்ல," என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

அந்த அலுவலகம் இன்னும் நடக்கிறது. பஸ்ஸில் போகும்போது பலகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தார். அதிகாரி வந்தபோது, மீன் கெட்டது என்று எழுதித் தரச் சொல்லி, வக்கீல் சொன்னபடி அக்கா கேட்டிருக்கிறார். அதிகாரி முறைத்துவிட்டுப் போய்விட்டாராம். அடுத்த வாரம் வந்து, ஒன்றும் பேசாமல் பினாயிலை ஊற்றினாராம்.

"அப்பம் என்ன செய்யணும்னு அந்த வக்கீலுட்ட கேளு," என்றார். "கேட்டுட்டு நேர்ல வா, போன்ல சொல்லாத. இவளுவளுக்கும் கேக்கணும்."