தொட்டியின் வாயும் ஒரு வாளித் தண்ணீரும்

வறண்டு கிடக்கும் ஊர் எப்போது சட்டென்று வெள்ளக்காடாகும் என்று முன்கூட்டியே அடையாளம் காண்பதுதான் என் வேலை. மழை அளவையும் மண்ணின் ஈரத்தையும் கணினியில் போட்டால், வறட்சியிலிருந்து வெள்ளத்துக்குத் தாவக்கூடிய இடங்கள் வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். அந்தக் கோடையில் புனே சிவந்து கிடந்தது. தாபோடியில் ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் குடியிருப்பும் அதற்குள்தான் இருந்தது.

ஆனால் அங்கே வெள்ளம் என்ற பேச்சைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. டேங்கர் லாரி வந்தால்தான் உலை வைக்க முடியும். கீழ்வீட்டு ஆன்ட்டி குடியிருப்பின் செயலாளர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். டேங்கர் குழாயிலிருந்து சிந்தும் தண்ணீர்கூட வீணாகக் கூடாதென்று, முற்றத்து நிலத்தடித் தொட்டியின் வாயைச் சுற்றியிருந்த திட்டை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார். சிந்தியதெல்லாம் தானாகவே உள்ளே போய்விடும். எல்லோரும் மெச்சினார்கள்.

மலைப்பக்கம் கனமழை என்று அறிவிப்பு வந்தது. கைக்குழந்தையான என் மகளுக்குப் பால் பவுடர் கரைப்பது அந்தத் தொட்டித் தண்ணீரில்தான். வெள்ளம் புகுந்தால் சாக்கடையும் கூடவே புகும். திட்டைத் திரும்பக் கட்டச் சொல்லி ஆன்ட்டியிடம் போய் நின்றேன்.

"டேங்கரே ரெண்டு நாளா வரல. நீ வெள்ளம்ங்கற. பெஹ்லே, மொதல்ல மழ பெய்யட்டும்மா," என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். விறுவிறுவென்று மாடியேறி, அன்றைக்கு எங்களுக்கிருந்த ஒரே வாளித் தண்ணீரைத் தூக்கிவந்து, அவர் கண்ணெதிரே முற்றத்து மண்ணில் கவிழ்த்தேன். ஆன்ட்டி பதறி எழுந்தார். காய்ந்து இறுகிப்போன மண் அதைக் குடிக்கவே இல்லை. தண்ணீர் தூசியையும் பூனை அசிங்கத்தையும் வாரிக்கொண்டு நேராகத் தொட்டியின் மூடியை நோக்கி ஓடியது. ஆன்ட்டி ஓடிப்போய், நைட்டி நனையக் குறுக்கே உட்கார்ந்து, இரண்டு கையாலும் மறித்தார்.

என் வாளியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார்.

"ஒரு வாளிக்கே இப்படியா?" என்றார்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்துவிட்டார். திட்டு இடுப்பளவுக்கு எழுந்தது. குழாயை அவ்வளவு உயரம் தூக்க வேண்டுமா என்று டேங்கர்காரர் முணுமுணுத்தார்.

அந்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது, அணையையும் திறந்துவிட்டார்கள். முற்றத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆன்ட்டி வீட்டு சோபாவும் மெத்தையும் போயின. அவரும் கணவரும் எங்கள் கூடத்தில் படுத்தார்கள். நான் ஜன்னலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பழுப்புத் தண்ணீருக்கு மேலே திட்டின் தலை தெரியும்போதெல்லாம் உயிர் வந்தது.

வெள்ளம் வடிந்ததும் ஆன்ட்டிதான் முதலில் இறங்கினார். மூடியைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்தார். பிறகு சொம்பை என்னிடம் நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. காய்ச்சி பாப்பாவுக்குப் பால் கரை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. சேற்றில் நின்றபடியே மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த வறட்சி எப்பன்னும் உன் மேப்ல பாத்துச் சொல்லும்மா. மாடில விழற மழயெல்லாம் சும்மா ஆத்துக்குப் போகுது."

முற்றத்துச் சேற்றை வாரி முடிக்கும் முன்பே, மாடி மழைநீர்க் குழாயைத் தொட்டிக்குத் திருப்ப ஆள் வந்துவிட்டார்.