றபீக்காவின் வெள்ளிக்கிழமைகள்

தன்னாமுனையில் வாவிப் பக்கம் இறங்கும் கிறவல் பாதை ஒரு பெரிய பங்களாவின் வாசலில் போய் முடியும். தென்னந்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியது. பல கை மாறிக் கடைசியில் கன்னியாஸ்திரிகளிடம் வந்து, எழும்பி நடக்க முடியாத முதியவர்களைப் பராமரிக்கும் இல்லமாகிவிட்டது. துரை விருந்து வைத்த நீள மண்டபத்தில் இப்போது ஆண்களின் கட்டில்கள். சாப்பாட்டறையில் பெண்கள். வேட்டைத் துவக்குகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் படுக்கை விரிப்புகளும் பம்பஸ் பெட்டிகளும். அந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கிடைத்த மூலையில் தொழுகைப் பாயை விரிப்பாள் றபீக்கா.

அவள் ஏறாவூர்க்காரி. புருஷன் தலாக் சொல்லிவிட்டுப் போன பிறகு, கைக்குழந்தையாக இருந்த நிஸ்றாவைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு குவைத்துக்குப் போனாள். அங்கே படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு பெரிய மனுசியைக் கழுவித் துடைத்து, பிரட்டிப் படுக்க வைத்து, ஊட்டி விடுவதே வேலை. அந்த மனுசியின் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வர விட்டதில்லை. அனுப்பிய காசில் ஏறாவூரில் ஒரு கல்வீடு எழும்பியது. நிஸ்றாவுக்குக் கலியாணம் பேசியபோது, ஊர் வழக்கப்படி வீடு மகளின் பேருக்குப் போனது. திரும்பி வந்த றபீக்கா பின்பக்கத்தில், குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்கு ஒதுங்கினாள்.

அதில் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. வீட்டை அவள் மகளுக்கென்றுதான் கட்டினாள். வேறொன்றுதான் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. நிஸ்றா தன்னை வளர்த்த சாச்சியை 'உம்மா' என்பாள். பெற்றவளை 'குவைத்உம்மா' என்பாள். சின்ன வயதில் யாரோ சொல்லிக் கொடுத்த பேர். அவள் திரும்பி வந்து இத்தனை காலமாகியும் அது மாறவில்லை.

பங்களாவுக்கு அவள் வேலை கேட்டுப் போன அன்று பொறுப்பாளர் சிஸ்டர் எமிலி, "ஆக்களத் தூக்கிப் பழக்கம் இரிக்கா?" என்று கேட்டார்.

"ஒருக்கா படுங்க சிஸ்டர்" என்றாள் றபீக்கா.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே வெறுங்கட்டிலில் படுத்தார். உடம்பு நோகாமல் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை அவரைப் பிரட்டிக் காட்டினாள். அடுத்த நாளே வேலை கிடைத்தது.

வாவியைப் பார்த்த கடைசி யன்னலோரக் கட்டிலில் வின்சன்ற் கிடந்தார். குருக்கள்மடத்துக்காரர். கல்முனை வீதியில் பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். மனைவி இல்லை. பாரிசவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே மகன் ஜொய்சன் கட்டாரில், ஏசி திருத்தும் வேலை. மருமகள் விதுர்ஷா சின்னப் பிள்ளையோடு மட்டக்களப்பில் தாய் வீட்டில் இருந்தாள். அங்கே ஒரு நோயாளியைக் கிடத்த இடமில்லை.

ஜொய்சனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. பின்னேரம் அசர் தொழுகை முடித்து றபீக்கா வரவும் அவளுடைய போன் அடிக்கும். திரையைக் கிழவரின் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"அப்பா சாப்பிட்டாரா அக்கா?"

"கஞ்சி குடிச்சார் தம்பி. இண்டைக்குக் கொஞ்சம் கூடவே குடிச்சார்."

மகனின் முகத்தைக் கண்டதும் வின்சன்றின் இடது கை கட்டில் கம்பியைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் அசையும்.

"அந்தக் கை என்ன செய்யிது?"

"கியர் மாத்துறார் போல."

ஜொய்சன் சிரித்தான். "அப்ப களுதாவளைக்கு வந்திட்டார். சனம் ஏறி இறங்கிற இடம்." பிறகு அவன் முகம் திரையிலிருந்து விலகியது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

சில வெள்ளிகளில் கிழவர் பாதியிலேயே தூங்கிப்போவார். அப்படி ஒரு நாள், "பிறகு எடுங்க தம்பி, அப்பா படுத்திட்டார்" என்றாள் றபீக்கா.

அவன் வைக்கவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?"

அன்று பகல் சாப்பிட்டாளா இல்லையா என்று அவளே யோசித்திருக்கவில்லை.

வின்சன்ற் ஒரு புதன்கிழமை காலையில் போனார். குளிப்பாட்டி, தலையைத் துவட்டி, சீப்பால் இழுத்துக்கொண்டிருந்தாள். தலை அவள் உள்ளங்கையில் பாரமாகிச் சாய்ந்தது. சிஸ்டர் எமிலி வந்து நாடி பார்த்துவிட்டு, "மகனுக்கு நீயே சொல்லு. உன்னத்தான் அவனுக்குத் தெரியும்" என்றார்.

முதல் அழைப்பிலேயே எடுத்தான்.

"இண்டைக்குப் புதன்கிழம அக்கா" என்றான்.

"ஓம் தம்பி."

அவ்வளவுதான். அவனுக்கு விளங்கிவிட்டது.

கம்பனியில் அவனுக்கு நேரத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தின்போது சேமக்காலையில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கூட்டத்துக்குப் பக்கத்தில் றபீக்கா போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். கை மரத்தது. மண் மூடி, ஆட்கள் கலைந்த பிறகும் அவன் 'போதும்' என்று சொல்லும் வரை அவள் கையை இறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அசருக்குப் பிறகு, போன் அடித்தது.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்ல அக்கா. இந்த நேரம் எடுத்துப் பழகிட்டு. வாவிய ஒருக்கா காட்டுங்க."

யன்னலருகே போய்க் காட்டினாள். தண்ணீரில் வெயில் சாய்ந்து கிடந்தது. தூரத்தில் ஒரு தோணி. இருவரும் அது கண்ணை விட்டுப் போகும் வரை பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளியும் தவறவில்லை. இரட்டை அடுக்குக் கட்டில்கள் நெருக்கிப் போட்ட தன் அறையை அவன் காட்டினான். மகள் தன்னைப் போனில் பார்த்தால் வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்றான். "நானும் போன்லதான் புள்ளய வளத்தன் தம்பி" என்று ஒருநாள் றபீக்கா சொன்னாள். அந்தக் 'குவைத்உம்மா' கதையை அவள் வாய்விட்டுச் சொன்னது அவன் ஒருவனிடம்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல அவன் முயலவில்லை. "ம்" என்றான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வின்சன்றின் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். ஜெபநேசன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், எதற்கும் குறை பிடிப்பவர். அந்தக் கட்டில் திரையில் விழாமல் றபீக்கா போனைச் சாய்த்துப் பிடிப்பாள்.

சிஸ்டர் எமிலி கவனித்திருந்தார். "அந்தப் பொடியன் இன்னும் எடுக்கிறானா?"

"ஓம் சிஸ்டர். வாவிய காட்டச் சொல்லுவார்."

சிஸ்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "ஒபீசில சார்ஜர் இரிக்கி. எடுத்துப் பாவிச்சுக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் ஜொய்சன் வந்தான். இனித் திரும்பிப் போவதில்லை, பட்டணத்தில் சொந்தமாக ஏசி திருத்தும் கடை போடப் போகிறேன் என்று முந்திய வெள்ளியே சொல்லியிருந்தான். வருகிறேன் என்ற நாளில் றபீக்கா விடியவே எழும்பி, வாவி இறால் வாங்கித் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்து, சாப்பாட்டுக் கரியரில் சோறோடு கொண்டுவந்தாள்.

மனைவி, மகளோடு ஓட்டோவில் வந்து இறங்கினான். றபீக்கா அவனைத் தோளுக்குக் கீழே பார்த்ததில்லை. நினைத்ததைவிட நல்ல உயரம். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தான். அதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

"சுகமா அக்கா?"

"சுகம் தம்பி."

விதுர்ஷா, "இவதான் அந்த அக்காவா? நல்லாப் பாத்தீங்களாம், பெரிய உபகாரம்" என்று சொல்லி, பிஸ்கட் பெட்டிகளையும் ஒரு சாறியையும் கொடுத்தாள். ஜொய்சன் யன்னலடிக்கு வந்து நின்றான். கட்டிலில் கிடந்த ஜெபநேசன், "ஆரப்பா நீ? வெளிச்சத்த மறைக்கிறாய்" என்றார். அவன் விலகி நின்றான். வாவியை எட்டிப் பார்த்தான். போனில் பார்ப்பது போல அதை அதிக நேரம் பார்க்கவில்லை. மகள் அவன் கையைப் பிடித்து இழுத்தபடி இருந்தாள்.

மாமியார் வீட்டில் பகல் சாப்பாடு ஆயத்தமாம். "வீட்ட கொண்டுபோய்ச் சாப்பிடுறம் அக்கா. கரியர நானே கொண்டுவந்து தாறன்" என்றான். ஓட்டோ திரும்பும்போது சின்னவள் அவன் மடியில் ஏறி இருந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெட்கம் எல்லாம் போய்விட்டது. அதைப் பார்க்க றபீக்காவுக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

அடுத்த வெள்ளி போன் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. தை பிறந்த பிறகு, கரியரைக் காரணமாக்கி அவளே எடுத்தாள். பின்னால் துளைக்கும் மெசின் சத்தம், யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

"ஐயோ அக்கா, மறந்தே போயிட்டன்! நாளைக்கே குடுத்து விடுறன். இப்ப ஆக்கள் நிக்கிறாங்க, பிறகு எடுக்கன்."

மறுநாள் ஓட்டோக்காரர் ஒருவர் கரியரைக் கொண்டுவந்தார். பளிச்சென்று கழுவி, மேல் தட்டில் கேக் துண்டுகள் வைத்திருந்தார்கள். அவனுக்கு இப்போது பேச வீடு நிறைய ஆட்கள். கோபிக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கேக்கை ஜெபநேசனுக்கு ஊட்டினாள். முந்திரி காணாது என்றார் அவர்.

மாசி மாதம் சிஸ்டர் எமிலி பங்களாவின் பின்புறத்தில் வெறுமையாய்க் கிடந்த அறையை அவளுக்குத் தருவதாகச் சொன்னார். பஸ் அலைச்சல் மிச்சம் என்றார். றபீக்கா நிஸ்றாவிடம் சொன்னாள். நிஸ்றா பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப அந்த அறையில நாங்க சாமான் போடலாமா?"

"போடுங்க புள்ள."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பையோடும் தொழுகைப் பாயோடும் தன்னாமுனையில் இறங்கினாள். அறையைக் கூட்டி, கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டாள். இனிப் பெட்டிகளை நகர்த்தாமல் தொழலாம். அசர் முடிந்து சற்று நேரம் பாயிலேயே இருந்தாள். மண்டபத்திலிருந்து ஜெபநேசன் முதுகு கடிக்கிறதென்று சத்தம் போட்டார். "வாறன், வாறன்" என்று எழும்பிப் போய், அவரை மெல்ல வாவிப் பக்கமாகப் பிரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டாள்.