பூஜையில் வைத்த லேப்டாப்

லேப்டாப்பின் உண்மையான விலையை நான் வீட்டில் சொல்லிவிட்டேன். பாதிதான் சொல்லியிருக்க வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. ஷூ வாங்கினால் அவன் அப்படித்தான் செய்வான். என் சேமிப்பில், என் தொழிலுக்காக வாங்கியது. எதற்கு ஒளிக்க வேண்டும்? பில்லைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன்.

அம்மா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதுக்கு ரெண்டு வளையல் வாங்கியிருக்கலாம்."

"வளையல்ல கட்டடம் வரைய முடியாதும்மா."

கட்டப்போகும் வீடுகளை முப்பரிமாணத்தில் வரைந்து கொடுப்பது என் வேலை. காலை வெயில் எந்தச் சுவரில் விழும், படிக்கட்டின் அடியில் எவ்வளவு இருட்டும் என்பதையெல்லாம் செங்கல் வைக்கும் முன்பே காட்டிவிடலாம். அலுவலக வேலையை விட்டபோது அவர்கள் கொடுத்த லேப்டாப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிஞ்சியது கல்லூரிக் காலத்துப் பழசு. ஒரு மாடி வீட்டின் கோப்பைத் திறந்துவிட்டு நான் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் அது திறந்துகொண்டே இருக்கும். மடியில் வைத்தால் இஸ்திரிப் பெட்டி.

தி. நகர் கடையில் விற்பனையாளர், "காலேஜ் ப்ராஜெக்ட்டா மேடம்? இவ்ளோ தேவைப்படாதே" என்றார். தேவையானவற்றை வரிசையாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். கொடுத்தேன். படித்துவிட்டு, "சார் யாராவது கூட வந்திருக்காங்களா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். கார்டை நீட்டினேன்.

விலைக்குத் தகுமா என்று இன்றும் கேட்கிறார்கள். தகும் என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு: கரண்ட் போனாலும் மாலை வரை ஓடும், சூடாகாது, அடையாறு வரை தோளில் சுமந்து போனாலும் வலிக்காது. இதைவிட மலிவானதிலும் என் வேலை நடந்திருக்கும், கொஞ்சம் மெதுவாக. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெதுவாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதுவும் காரணம்தான், வரிசையில் அதற்குத்தான் முதலிடம்.

ஆயுத பூஜை அன்றுதான் இந்தப் பேச்சு உண்மையில் முற்றியது. எங்கள் அபிராமபுரம் வீட்டில் சரஸ்வதிக்கும் ஆயுதங்களுக்கும் சேர்த்து ஒரே பூஜை. பூஜையில் வைக்க என் பழைய ஸ்கேலையும் காம்பஸ் பெட்டியையும் எடுத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது புத்தக அடுக்கின் உச்சியில் என் லேப்டாப் இருந்தது. மூடியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூஜை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கற்பூரம் காட்டி முடித்த சற்று நேரத்தில் போன் வந்தது. அலுவலகத்தை விட்ட பிறகு நானாகப் பிடித்த முதல் வேலை அது, வெளிநாட்டுக்காரர்களுடையது. முதல் வீட்டின் முன்சுவர் நிறத்தை மாற்றச் சொன்னார்கள். எல்லாப் படங்களும் அன்று மாலைக்குள் போக வேண்டும். போகாவிட்டால் மீதி வீடுகளின் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும். அந்த வேறு இடம் என் பழைய அலுவலகம்.

புத்தக அடுக்கை நோக்கிக் கை நீட்டினேன்.

"தொடாதே" என்றாள் அசோக் நகரிலிருந்து வந்திருந்த அத்தை. "சரஸ்வதிகிட்ட வெச்சதுடி. நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அண்ணன் வண்டிக்கும்தான் பூஜை போட்டோம். அவன் இப்ப எங்க?"

கற்பூரம் அணைவதற்குள் அவன் வண்டியில் பெசன்ட் நகருக்குக் கிளம்பியிருந்தான். "வந்துக்கினே இருக்கேன் மச்சி" என்று அவன் போனில் சொல்லிக்கொண்டே படி இறங்கியது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

"அது வண்டி. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி ஓட்டுறதுதான் முறையே. இது படிப்பு சாமான்."

"படிச்சு முடிச்சு எவ்ளோ நாளாச்சு அத்தை. இது வேலை சாமான். வேணும்னா இதுக்கு அடியிலயும் ஒரு எலுமிச்சம்பழம் வைங்க. நசுக்கிட்டு எடுக்கறேன்."

பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார். அம்மா திரும்பிப் பார்த்ததும் பொரியைப் பார்த்துக்கொண்டார்.

"இப்பவே இந்த வாய்" என்றாள் அத்தை. "நாளைக்குப் போற வீட்ல இன்னா பண்ணுவியோ."

"அங்கயும் இதைத்தான் எடுத்துட்டுப் போவேன்."

அம்மா கிட்டே வந்தாள். "அவ்ளோ வெல கொடுத்து வாங்கிட்டியே, சாமி பார்வை படட்டும்னுதான் நானே தூக்கி வெச்சேன்" என்றாள்.

வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள் அம்மா. நீட்டிய என் கை ஒரு கணம் நின்றது. அத்தையை எதிர்ப்பது சுலபம், அம்மாவின் ஆசையை மீறுவது அப்படியல்ல. ஆனால் அந்த ஆசைக்காக அன்று அதை அங்கேயே விட்டிருந்தால் அது எங்கள் வீட்டில் ஒரு விலையுயர்ந்த பொருளாக மட்டுமே இருந்திருக்கும். கும்பிடலாம், காட்டலாம், திறக்கக் கூடாது. அதற்கு வளையலே வாங்கியிருக்கலாம்.

"நல்லதும்மா. சாமி பார்த்தாச்சு. இப்ப நான் பார்க்கணும்."

எடுத்தேன். அடுக்கில் இருந்த புத்தகங்கள் ஒன்றும் சரியவில்லை. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவும் இல்லை. கூடத்தில், எல்லோர் எதிரிலும் தரையில் உட்கார்ந்து திறந்தேன். மூடியைத் துடைக்கவில்லை, விரலில் ஒட்டிய குங்குமம் விசைகளிலும் கொஞ்சம் பட்டது. சுவரின் நிறத்தை மாற்றி, ஒவ்வொரு படத்தையும் மறுபடி உருவாக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்து, "இது யாரு வீடு? சமையக்கட்டு இம்மாம் பெரிசா கீதே" என்றாள். நான் அடுத்த படத்துக்குப் போனேன்.

வெளியே இருட்டும் முன் எல்லாம் போய்ச் சேர்ந்தது. மீதி வீடுகளையும் நானே வரையலாம் என்று பதில் வந்தது. உரக்கப் படித்தேன். அப்பா ஒரு பொரிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்குக் காலையில குளிச்சுட்டு அதை ஒருதரம் திறந்து வேலை பாரு. விஜயதசமி. முறைக்காகவாவது."

"நாளைக்கு முடியாதும்மா."

"ஏன்?"

"லீவு விட்டிருக்கேன்."

"யாரு விட்டா?"

"நான்தான்."